சுடாமல் நிற்கும் துப்பாக்கி

1980களில் நம் ஊர்க் கல்யாணங்களில் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவராவது சஃபாரி சூட் போட்டுக்கொண்டு வந்திருப்பார். நான்கு பாக்கெட், அரைக்கை. மொய்க் கவரும் வெற்றிலைப் பொட்டலமும் அந்தப் பாக்கெட்டுகளில் போய்ச் சேர்ந்தது பிற்காலக் கதை. முதலில் அவை காட்டில் திரிகிறவனின் கத்திக்கும் தோட்டாவுக்கும் தைக்கப்பட்டவை. சஃபாரி என்ற சொல்லோ காட்டைக்கூடக் குறித்ததில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் அதற்குப் பயணம் என்றுதான் பொருள். அரபியின் ‘சஃபர்’ அங்கே போய் சஃபாரி ஆயிற்று. வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவரை நம் கடற்கரை முஸ்லிம் ஊர்களில் ‘சபராளி’ என்பார்களே, அதற்கும் இதுதான் வேர்.

எந்தப் பயணத்துக்கும் பொதுவாக இருந்த அந்தச் சொல்லை வேட்டைக்கென்று வாங்கிக்கொண்டது ஒரு வியாபாரம். காசு கொடுத்து வேட்டைக்குப் போகிறவர், தன்னைக் கூட்டிக்கொண்டு போகிறவரிடம் என்னதான் எதிர்பார்க்கிறார்? விலங்கைத்தான் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். எனக்கு அது பாதி பதிலாகக்கூடப் படவில்லை.

1904ஆம் ஆண்டு நைரோபியில் விக்டர் நியூலாண்ட், லெஸ்லி டார்ல்டன் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். நைரோபி அப்போது ரயில் பாதை போட்டதால் முளைத்த தகரக் கொட்டகை ஊர். மொம்பாசாவில் கப்பலை விட்டு இறங்கும் பணக்காரருக்கு வேட்டைக்கு வேண்டியது அத்தனையும் இந்தக் கம்பெனி ஏற்பாடு செய்து கொடுக்கும். கூடாரம், சமையல்காரர், சுமை தூக்குவோர், துப்பாக்கி சுமப்பவர், குதிரைக்காரர், காவலுக்கு ஆள். நம்மூரில் பந்தல் முதல் பந்தி வரை ஒரே ஆளிடம் விட்டுவிடுகிறோமே, அந்தக் காண்ட்ராக்ட் மாதிரிதான். பெண்ணையும் மாப்பிள்ளையையும் மட்டும் நாம் கொண்டு போனால் போதும்.

அவர்களுக்குக் கிடைத்த பெரிய கிராக்கி தியோடர் ரூஸ்வெல்ட். 1909 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி பதவியை விட்டு இறங்கினார், அந்த மாதமே கப்பல் ஏறிவிட்டார். கூட மகன் கெர்மிட். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு உயிரினங்களைச் சேகரித்துத் தருவது பயணத்தின் நோக்கம். தோல்களைப் பதப்படுத்த மட்டும் 4 டன் உப்பு. ஒரு சுமைக்காரரின் தலைக்கு 60 பவுண்டு, அதாவது 27 கிலோ என்பது அந்த ஊர்க் கணக்கு. அந்தக் கணக்கில் பார்த்தால் உப்பே 130 சுமைக்குக் குறையாது. இதற்கு மேல் ஒரு சுமை புத்தகம்: பன்றித் தோலில் பைண்டு செய்த சுமார் 60 நூல்கள், சரியாக ஓர் ஆள் தூக்கும் எடையில். சிங்கத்தைத் தேடிப் போகிற இடத்தில் படிக்க நேரம் கிடைத்ததா என்று கேட்காதீர்கள். கிடைத்திருக்கிறது. மரத்தடியில், ஓய்வு நேரத்தில் படித்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

சமையலும் சலவையும் கூடாரமும் கம்பெனி பாடு. ஆனால் ரூஸ்வெல்ட்டுக்கு முன்னால் நடந்தவர் ஆர். ஜே. கனிங்ஹாம் என்ற யானை வேட்டைக்காரர். அவர் எதற்காகக் கூட நடந்தார் என்பது கென்ய மலைச் சரிவில் ஒருநாள் தெரிந்தது. அடர்ந்த காடு. உள்ளூர் வேட்டைக்காரர்கள் தடம் பார்த்துச் சொல்ல, யானைக் கூட்டத்தின் பின்னால் பதுங்கிப் போகிறார்கள். தந்தம் உள்ள களிறு ஒன்று கண்ணில் படுகிறது. ரூஸ்வெல்ட் கையில் இருந்தது ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் இரட்டைக் குழல் துப்பாக்கி. முதல் குண்டில் யானை தடுமாறியது, இரண்டாவதில் சாய்ந்தது. இரட்டைக் குழலில் இரண்டு குண்டுதானே. இரண்டும் தீர்ந்த அந்த நொடியில், இடப்பக்கப் புதரைப் பிளந்துகொண்டு இன்னொரு களிறு வந்துவிட்டது. தும்பிக்கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். ரூஸ்வெல்ட் ஒரு மரத்தின் பின்னால் பாய்ந்து காலித் தோட்டாக்களைக் கழற்றுகிறார். கனிங்ஹாம் அதுவரை சுடாமல் வைத்திருந்த இரண்டு குண்டையும் சுட்டார். யானை திரும்பிப் பிளிறிக்கொண்டு காட்டுக்குள் மறைந்தது.

அதுவரை சுடாமல் வைத்திருந்த குண்டு என்றேன். இந்தத் தொழிலின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது. முதல் யானையைக் கனிங்ஹாம் ஒரே குண்டில் சாய்த்திருப்பார், அவர் தொழிலே அதுதான். ஆனால் அவர் சுட்டிருந்தால் அது ரூஸ்வெல்ட்டின் யானை ஆகியிருக்காது. சம்பளம் வாங்கிக்கொண்டு, துப்பாக்கியைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, சுடாமல் நிற்பதற்குத்தான் அவர். சுட வேண்டிய ஒரு நொடி வந்தால் மட்டும் ஒரு நொடிகூடத் தாமதிக்கக் கூடாது.

வேட்டைக்கு வருகிறவரின் ஆசை இப்படி முரண்பட்டதுதான். ஆபத்து இருக்க வேண்டும், ஆனால் தனக்கு ஒன்றும் ஆகக் கூடாது. கஷ்டப்பட்டுத் தேட வேண்டும், ஆனால் கிடைத்தே தீர வேண்டும். காடு காடாக இருக்க வேண்டும், சாயங்காலம் குளிக்க வெந்நீர் வேண்டும். கெட்டிக்காரத் தொழில்காரர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். வெந்நீர் தந்துவிடலாம். கிடைத்தே தீரும் என்ற வாக்குறுதியை மட்டும் அவர் தர மாட்டார்.

இந்த ஆசைகளுக்குள்ளே இன்னொன்று ஒளிந்திருக்கிறது. அதை வெளியே சொன்னவர் எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே. 1933 கடைசியில் அவர் ஆப்பிரிக்கா வந்தார். வழிகாட்டி ஃபிலிப் பெர்சிவல், ரூஸ்வெல்ட் பயணத்திலும் உதவியவர். ஹெமிங்வேக்கு நடுவில் சீதபேதி வந்து விமானத்தில் நைரோபிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. தேறி வந்து மறுபடி வேட்டையாடினார். 1935இல் அதையெல்லாம் புத்தகமாக வெளியிட்டார். படித்தால், அதில் அவரை வாட்டுவது சீதபேதி அல்ல, கூட வந்த நண்பர். நண்பர் சுட்டு வருவது எப்போதும் இவருடையதைவிடப் பெரியதாக இருந்து தொலைக்கிறது. கடைசியில் நாள் கணக்காக அலைந்து, முறுக்குக் கொம்பு உள்ள ‘கூடு’ என்ற மான் இரண்டைச் சுட்டுப் பூரித்து முகாமுக்குத் திரும்பினால், நண்பர் கொண்டு வந்திருக்கும் கொம்பு அதைவிட நீளம்! சீட்டுக் கட்டு ஆட்டத்தில் தோற்றவன் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த முகத்தைச் சமாதானப்படுத்துவதும் வழிகாட்டியின் வேலைதான், எந்த ஒப்பந்தத்திலும் எழுதாத வேலை.

அடுத்த ஆண்டே ஹெமிங்வே ஒரு சிறுகதை எழுதினார். பிரான்சிஸ் மெக்காம்பர் என்ற பணக்காரர், காயம்பட்ட சிங்கம் பாய்ந்ததும் ஓடிவிடுகிறார். வழிகாட்டி வில்சன்தான் சிங்கத்தை முடிக்கிறார். பிறகு, இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்கிறார் மெக்காம்பர். வில்சனுக்குக் கோபம் வருகிறது. சொல்வார் என்று நினைத்ததே அவருக்கு அவமானம். வைத்தியரிடமும் வக்கீலிடமும் நாம் எதிர்பார்க்கும் அதே வாய்க்கட்டு இங்கேயும் உண்டு. அதே வில்சன், மறுநாள் காட்டெருமையை மோட்டார் வண்டியில் துரத்துவதற்கும் உடன்படுகிறார். சட்டப்படி குற்றம், தெரிந்தால் உரிமம் போய்விடும் என்று அவர் வாயாலேயே சொல்கிறார். நேர்மையும் சமரசமும் ஒரே ஆளிடம். ஹெமிங்வே இந்தத் தொழிலைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவர்தான்.

மோட்டார் வண்டிதான் தொழிலைக் கெடுக்கப் பார்த்தது. நடந்து தேட வேண்டிய சிங்கத்தை வண்டியில் உட்கார்ந்தபடியே சுடலாம் என்று ஆனதும், 1920களின் கடைசியில் சமவெளிகளில் அப்படித்தான் சுட்டுத் தள்ளினார்கள். வேல்ஸ் இளவரசரையே வேட்டைக்குக் கூட்டிப்போன டெனிஸ் ஃபின்ச் ஹாட்டன் இதைக் கண்டித்து லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் எழுதினார். கண்டித்தவரும் வேட்டை வழிகாட்டிதான் என்பதைக் கவனிக்க வேண்டும். 1934இல் நைரோபி நார்ஃபோக் ஓட்டலில் கூடிக் கிழக்கு ஆப்பிரிக்கத் தொழில்முறை வேட்டைக்காரர் சங்கத்தை இந்த வழிகாட்டிகள் தொடங்கினார்கள். முதல் தலைவர் பெர்சிவல். வண்டியிலிருந்து சுடக் கூடாது, 200 கஜமாவது விலகி நடந்து போய்த்தான் சுட வேண்டும் என்பது அங்கே நடைமுறையாயிற்று. காயம்பட்ட விலங்கைப் புதருக்குள் தேடிப் போய் முடிப்பது வழிகாட்டியின் கடமை. வாடிக்கையாளர் வண்டியருகே இருந்துவிடலாம், இவர் போயே ஆக வேண்டும். காசு கொடுத்தவர் வாங்குவதில் விலை மதிப்பில்லாதது எது என்று கேட்டால், எனக்குத் தெரிந்து இதுதான். உயர்ந்த புல்லுக்குள் காயம்பட்ட சிறுத்தையைத் தேடி, தான் சுடாத குண்டுக்காக இன்னொருவர் நடக்கிறார்.

இன்றைக்குத் தென் ஆப்பிரிக்கா, நமீபியா, ஜிம்பாப்வே, டான்சானியா நாடுகளில் இந்தத் தொழில் நடக்கிறது. ஜிம்பாப்வேயில் வழிகாட்டி உரிமம் வாங்க எழுத்துத் தேர்வு, பிறகு அனுபவசாலி ஒருவரிடம் கைப்பயிற்சி, அதற்குப் பிறகு காட்டிலேயே செய்முறைத் தேர்வு. வேட்டைக்கு வருகிறவரிடம் இரண்டு வகையில் பணம் வாங்குவார்கள். தங்கும் நாளுக்கு இவ்வளவு என்று ஒன்று, சுடும் விலங்குக்கு இவ்வளவு என்று இன்னொன்று. பல முகாம்களில் ஒரு சொட்டு ரத்தம் தரையில் விழுந்தாலே விலங்குக்கான முழுக் கட்டணம் விழுந்துவிடும், அது கிடைத்தாலும் சரி, தப்பினாலும் சரி. கடுமையான விதிதான். ஆனால் அவசரப்பட்டு விரலை அழுத்துகிறவரை அது அடக்கி வைக்கிறது.

வந்து சேர்ந்த முதல் நாள் ஒரு சடங்கு உண்டு. விமானத்தில் வந்ததில் துப்பாக்கியின் குறி பிசகியிருக்கும், ஒரு தடவை அட்டையில் சுட்டுப் பார்த்துவிடலாம் என்பார் வழிகாட்டி. பணிவான பேச்சு. பரிசோதனை துப்பாக்கிக்கு மட்டும் இல்லை. கை நடுங்குகிறதா, கண்ணை மூடிக்கொள்கிறாரா, குழலை யார் பக்கம் திருப்புகிறார் என்று அவர் பார்த்துக்கொண்டிருப்பார். எத்தனை கிட்டத்தில் கொண்டுபோய் இவரைச் சுட விடலாம் என்ற கணக்கு அந்த அரை மணியில் முடிந்துவிடும்.

அதன் பிறகு முன்னால் நடப்பவர் உள்ளூர்த் தடம் பார்ப்பவர். மணலில் பதிந்த குளம்பின் ஓரம் உதிர்ந்திருக்கிறதா, சாணத்தில் சூடு இருக்கிறதா என்று பார்த்து, எவ்வளவு நேரத்துக்கு முன்னால் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ரூஸ்வெல்ட் காலத்திலும் இவர் இருந்தார், ஹெமிங்வே காலத்திலும் இருந்தார். சுவரில் தொங்கும் கொம்புக்குக் கீழே சுட்டவர் பெயர் இருக்கும், வழிகாட்டி பெயர்கூட அபூர்வமாக இருக்கும். தடம் பார்த்தவர் பெயரை நான் எங்கும் பார்த்ததில்லை.

கிடைத்தே தீரும் என்று வாக்குக் கொடுக்கிற கடைகளும் திறக்காமல் இல்லை. தென் ஆப்பிரிக்காவில் சிங்கத்தைக் குட்டியிலிருந்தே பண்ணையில் வளர்த்து, வேலி போட்ட நிலத்தில் விட்டு, சுடக் காசு வாங்கினார்கள். தப்பிக்கவே வழியில்லாத சிங்கம். 2015 நவம்பரில் அந்நாட்டின் தொழில்முறை வேட்டைக்காரர் சங்கமே இதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று ஓட்டெடுத்து விலகியது. அதே ஆண்டு ஜூலையில், ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவுக்கு வெளியே செசில் என்ற சிங்கத்தை அமெரிக்கப் பல் வைத்தியர் ஒருவர் அம்பெய்து கொன்றார். சிங்கத்தின் கழுத்தில் ஆராய்ச்சியாளர்கள் மாட்டிய பட்டை இருந்தது. உலகம் முழுக்கக் கூச்சல். சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று வழிகாட்டியை நம்பி வந்ததாக அந்தப் பல் வைத்தியர் சொன்னார். அந்தச் சமாதானம் எனக்கு ஒப்பவில்லை. சுடாமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் வழிகாட்டிக்குக் காசு கொடுக்கிறோம். கண்ணை மூடிக்கொள்ளக் கொடுப்பதில்லை.

எனக்கு வேட்டை பிடிக்குமா என்று கேட்டால், பிடிக்காது. ஆனாலும் நமீபியாவில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் கிராம மக்களுக்கு வனவிலங்கின் மீது உரிமை கொடுத்த பிறகு, வேட்டைப் பணத்தில் ஒரு பங்கும் இறைச்சியும் ஊருக்குப் போகின்றன. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது.

கென்யா 1977இல் வேட்டையைத் தடை செய்தது. நார்ஃபோக் ஓட்டலில் தொடங்கிய சங்கமும் அந்த ஆண்டே கலைந்தது. இந்தியாவிலும் வெளிநாட்டாரைப் புலி வேட்டைக்குக் கூட்டிப்போன கம்பெனிகள் இருந்தன. 1970இல் புலி வேட்டைக்குத் தடை வந்தது, 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, கம்பெனிகள் கடையைக் கட்டின.

ஆனால் சஃபாரி இருக்கிறது. முதுமலைத் தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியில் ஏறியிருப்பீர்கள், அல்லது இந்தக் கோடை விடுமுறையில் ஏறப் போகிறீர்கள். ஏறியவுடன் டிரைவரிடம், “அண்ணே, புலி காட்டிடுவீங்கல்ல?” என்று கேட்காதீர்கள். இன்னும் கொஞ்சம் கிட்டே போங்கள் என்று நச்சரிக்காதீர்கள். அவர் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தால், வாயை மூடிக்கொண்டு அவர் பார்க்கும் பக்கம் பாருங்கள்.