பாதி நாற்காலி மக்களுக்கு

ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லையென்றால் என்ன செய்வோம்? கவுன்சிலரிடம் முறையிடுவோம், கலெக்டருக்கு மனுப் போடுவோம், மிஞ்சினால் மறியல். மருந்துக்கு வந்த பணத்துக்குக் கணக்குக் கேட்கிற இடத்தில் நமக்கு நாற்காலி உண்டா என்று மட்டும் கேட்க மாட்டோம். பிரேசில் மக்கள் கேட்டார்கள்.

அங்கே 1964 முதல் 1985 வரை ராணுவ ஆட்சி. சம்பளத்தில் பிடித்தம் உள்ள தொழிலாளிக்கு அரசுக் காப்பீட்டு மருத்துவம். அன்றாடக் கூலிக்குத் தர்ம ஆஸ்பத்திரி. எழுபதுகளின் கடைசியில் சாவோ பாவ்லோ நகரின் கிழக்குப் பகுதியில், சாக்கடை வசதிகூட இல்லாத குடியிருப்புகளின் தாய்மார்கள் திரண்டார்கள். இளம் மருத்துவர்களும் பாதிரியார்களும் துணை நின்றார்கள். சுகாதார நிலையம் வந்ததும் அவர்கள் கலைந்துபோகவில்லை. அதைக் கண்காணிக்கத் தேர்தல் வைத்துக் குழு அமைத்தார்கள். ராணுவ ஆட்சி நடக்கும்போதே!

1986 மார்ச்சில் பிரேசிலியாவில் எட்டாவது தேசிய சுகாதார மாநாடு. அதுவரை அதிகாரிகள் கூடிக் கலைந்த அந்த மாநாட்டுக்கு இந்த முறை 4,000 பேருக்கு மேல் வந்தார்கள். தலைமை, மருத்துவர் செர்ஜியோ அரோகா. அந்த மாநாட்டின் தீர்மானங்களே அடித்தளமாக, 1988 அரசியல் சட்டத்தில் சுகாதாரம் எல்லோருடைய உரிமை, அரசின் கடமை என்று ஏறியது. மக்கள் பங்கேற்பும் ஏறியது.

ஏறினால் போதுமா? 1990 செப்டம்பரில் சுகாதாரச் சட்டம் வந்தபோது, மக்கள் பங்கேற்புப் பிரிவுகளை அதிபர் கோலோர் வெட்டிவிட்டார். மக்கள் அமைப்புகள் விடவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று, 8142 என்ற எண்ணுள்ள தனிச் சட்டமாகவே அது திரும்பி வந்தது.

அந்தச் சட்டத்தின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். மத்திய அரசின் சுகாதார நிதி வேண்டுமா? நகராட்சியில் சுகாதார மன்றம் இருக்க வேண்டும். மேயருக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, அமைத்தே தீர வேண்டும். பாதி இடம் சிகிச்சை பெறும் மக்களுக்கு. பின்னால் வந்த விதிகளின்படி கால் பங்கு சுகாதார ஊழியர்களுக்கு. மிச்சம்தான் அரசுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும். உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. பின்னால் வந்த இன்னொரு சட்டத்தின்படி, நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரவுசெலவு அறிக்கை அவர்கள் மேசைக்கு வர வேண்டும்.

எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. மேயர்கள் தங்கள் ஆட்களைப் புகுத்துவதுண்டு. கணக்கு புரியாமல் தலையாட்டும் உறுப்பினர்களும் உண்டு. ஆனாலும் 2019-இல் அதிபர் போல்சொனாரோ மத்திய அரசின் குழுக்களைக் கூண்டோடு கலைக்க ஆணையிட்டபோது, சட்டத்தால் பிறந்தவற்றை ஆணையால் கலைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. 1990 சட்டத்தில் இடம்பெற்ற தேசிய சுகாதார மன்றம் நிலைத்தது.

நம் கிராமங்களுக்கும் 2005-இல் வந்த தேசிய ஊரக சுகாதார இயக்கம் ஒரு சுகாதாரக் குழுவைத் தந்திருக்கிறது. ஆண்டுக்கு 10,000 ரூபாய் நிதியும் வகுத்தது. உங்கள் ஊர்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள்? அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.