கட்டணம் கட்டுவதற்கு முன் கணக்குப் போடுவோம்

(ஆங்கிலத் தகுதித் தேர்வுகளுக்கான பயிற்சி வகுப்பு தொடங்குவது குறித்து, கல்விக் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





நர்சிங் முடித்த நம் பெண்பிள்ளைகளும், ஓசூர் சிப்காட்டில் டிப்ளமோவோடு வேலை பார்க்கும் தம்பிகளும் "ஐயெல்ட்ஸ் வகுப்பு வையுங்கள்" என்று கேட்கிறார்கள். வைப்போம், இன்ஷா அல்லாஹ். ஆனால் இடம் பிடித்து, போர்டு மாட்டி, ஒரு ஆசிரியரை அமர்த்திவிட்டால் மட்டும் அது வகுப்பு ஆகிவிடாது. செலவாகப் போவது மக்கள் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.

முதல் கேள்வி, யாருக்கு எந்தத் தேர்வு? சவூதிக்கோ துபாய்க்கோ போகும் நர்சிடம் பொதுவாகக் கேட்பது பிராமெட்ரிக் தேர்வும் சான்றிதழ் சரிபார்ப்பும்தான். ஜெர்மனி என்றால் ஜெர்மன் மொழி படிக்க வேண்டும். இங்கிலாந்தில் நர்சாகப் பதிவு செய்யத்தான் ஐயெல்ட்ஸ் அல்லது ஓ.இ.டி. வேண்டும். ஐயெல்ட்ஸில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 எடுக்க வேண்டும். ஓ.இ.டி. மருத்துவத் துறையினருக்கென்றே உள்ள தேர்வு. அதில் நர்ஸ் எழுதுவது நோயாளியைப் பற்றிய கடிதம். வார்டில் வேலை பார்த்த பிள்ளைக்கு அது பழகிய விஷயம். கட்டணம் கூடுதல்தான், ஆனாலும் பலருக்கு அதுவே பொருந்தும். மேல்படிப்புக்குப் போகிறவர் ஐயெல்ட்ஸில் அகாடமிக் எழுத வேண்டும். கனடாவில் குடியேற விண்ணப்பிக்கிறவர் ஜெனரல் டிரெய்னிங் எழுத வேண்டும். இதைப் பிரிக்காமல் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் பாதிப் பேருக்கு வீண்.

மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். மற்ற ஆவணங்கள் எதுவும் தயாராகாத நிலையில் அவசரமாக எழுதி வாங்கிய மதிப்பெண், தேவைப்படும் நாளில் காலாவதியாகிக் கிடக்கும்.

அடுத்தது காலம். "30 நாளில் 7 பேண்ட்" என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். ஏற்கெனவே 6.5 நிலையில் இருப்பவருக்கு அது நடக்கலாம். ஆனால் ஒரு மொழிநிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போக, ஆசிரியர் துணையோடு ஏறக்குறைய 200 மணி நேரப் படிப்பு வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வுத் துறையினர் சொல்லும் கணக்கு. வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்றால் எட்டு மாதம் ஆகும். அதனால் சேரும் நாளிலேயே ஒரு மாதிரித் தேர்வு வைத்து, யாருக்கு மூன்று மாதம், யாருக்கு எட்டு மாதம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். பெற்றோருக்கு வருத்தமாக இருக்கும். இருக்கட்டும், கடன் வாங்கிக் கட்டணம் கட்டித் தோற்பதைவிட அது மேல்.

வகுப்பின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது எழுத்துப் பயிற்சி. பெரும்பாலோருக்கு மதிப்பெண் குறைவது அதில்தான். ஒரு மணி நேரத்தில் 150 சொல்லில் ஒன்று, 250 சொல்லில் ஒன்று என இரண்டு எழுத வேண்டும். யாராவது திருத்திக் கொடுக்காமல் அது வராது. 30 பேர், வாரம் இரண்டு கட்டுரை, ஒன்றைத் திருத்தப் பதினைந்து நிமிடம் என்று வையுங்கள். 15 மணி நேரம்! எந்த ஆசிரியர் செய்வார்? 12 பேர் என்றால் ஆறு மணி நேரம். ஆகவே ஒரு பிரிவில் 12 பேருக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. திருத்தும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் ஆசிரியருக்குச் சம்பளம் பேச வேண்டும். கேட்பதற்கும் வாசிப்பதற்கும் இணையத்தில் இலவசப் பயிற்சி நிறையவே இருக்கிறது. அதை வீட்டில் செய்யட்டும்.

பேசுதலைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கூச்சம் அதிகம். வீட்டில் உருது, பள்ளியில் தமிழ், கடைவீதியில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற ஊர் ஓசூர். நாலு மொழியில் பேரம் பேசுகிற பிள்ளைக்கு ஐந்தாவது வராதா என்ன? தேர்வில் வெள்ளைக்காரரைப் போலப் பேசச் சொல்வதில்லை. சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சம மதிப்பெண். 'இஸ்கூல்', 'இஸ்டேஷன்' போன்ற சிலவற்றைத் திருத்திக்கொண்டால் போதும், கேட்பவருக்குப் புரியும்.

நேரம் வைப்பதில்தான் நம்மூர் வகுப்புகள் உடைகின்றன. ஷிப்ட் மாறும் தம்பி, ஒரு வாரம் வருவார், மறு வாரம் வரமாட்டார். அதே பாடத்தைக் காலையிலும் மாலையிலும் இரண்டு முறை நடத்தினால், எந்த ஷிப்டாக இருந்தாலும் ஒன்றுக்காவது வந்துவிடலாம். பெண்களுக்கு லுஹருக்குப் பின் தொடங்கி, இருட்டுவதற்குள் வீடு சேரும்படி முடிக்க வேண்டும். ரமலானில் மாலை வகுப்பு வேண்டாம். எழுத்துப் பயிற்சியை மட்டும் வீட்டுக்குக் கொடுக்கலாம். தேர்வுத் தேதியையும் அந்த மாதத்தில் எடுக்காமல் இருப்பது நல்லது.

இனி பணம். ஐயெல்ட்ஸ் கட்டணம் இப்போது பதினெட்டாயிரம் ரூபாய் அளவில் இருக்கிறது. பயிற்சியை எல்லோருக்கும் கொடுப்போம். தேர்வுக் கட்டண உதவியை, அடுத்தடுத்து இரண்டு மாதிரித் தேர்வில் தேவையான மதிப்பெண் எடுத்தவருக்கு மட்டும் கொடுப்போம். கடுமையாகத் தோன்றலாம், ஆனால் ஒருவர் தயாராகாமல் எழுதித் தோற்றால், அடுத்தவருக்குப் போக வேண்டிய பணம் கரைகிறது. ஒரு பகுதியை மட்டும் மறுபடி எழுதும் வசதி இப்போது வந்திருக்கிறது. அதை எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை. கேட்டுக்கொண்டே கட்ட வேண்டும். ஏஜென்ட் யாருக்காவது முன்பணம் கொடுக்கும் முன், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரியுங்கள். 1978 முதல் இருக்கிறது. நர்சுகளுக்கு மொழிப் பயிற்சியும் அளித்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஐயெல்ட்ஸ் எழுத நம் நாட்டில் பாஸ்போர்ட் கட்டாயம். நம் பெயர்களில் வரும் சங்கடம் தெரியுமல்லவா? மார்க் ஷீட்டில் 'முஹம்மத்', ஆதாரில் 'முகமது', பாஸ்போர்ட்டில் 'மொஹ்த்' என்று இருக்கும். இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். இதைச் சரிசெய்ய மாதங்கள் ஆகும். எனவே வகுப்பில் சேர விரும்புகிறவர்கள் மார்க் ஷீட், ஆதார், பாஸ்போர்ட் மூன்றின் நகலையும் வருகிற ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் கொடுங்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

வஸ்ஸலாம்.