வாசல் தேடி வரும் வணிகம்



இரணைமடு நீரால் வளர்ந்த எம் கிளிநொச்சியில், வீடு தேடிப் பொருள் வருவது புதியதன்று. மீன்பெட்டி கட்டிய சைக்கிள்கள் ஒழுங்கைதோறும் வந்தன. 1990களின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதானபோதும், சைக்கிளே எமது சுமைகளை ஏற்றியது. 2009இல் முடிவுற்ற போரில் சிதைந்த கடைத்தெரு மீண்டும் எழுந்தது. 2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது, ஊர்க் கடைக்காரர்களே அரிசி, பருப்பை வாசலில் இறக்கினர்.

இன்று கைத்தொலைபேசியில் கேட்டால் கொழும்பிலிருந்தும் பொதி வருகின்றது, நன்று. ஆயினும், காலபோக அறுவடை மட்டும் கொப்பியில் எழுதிப் பொறுத்திருப்பவர் யார்? அயற்கடைக்காரரன்றோ! அவர் கடை பூட்டப்பட்டால், அடுத்த இடர்க்காலத்தில் எம் வாசலுக்கு வருபவர் இரார். ஆதலின், கொப்பிக் கணக்கைத் தவணை தவறாது தீர்ப்போம். இயன்றதை அவரிடமே வாங்குவோம். அதுவே எம் கடன்.