கல் திரும்பி வந்த ஊர்

(பெங்களூரில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

குழந்தைகளைப் பார்க்க ஐரோப்பா போகிறவர்களில் சிலர் போலந்தின் தலைநகரான வார்ஸாவுக்கும் போய் வருகிறார்கள். "எல்லாம் யுத்தத்திற்கு அப்புறம் கட்டினது. பழசு எதுவும் இல்லை" என்று சிலருக்குக் குறை. 1944-ல் நாஜிகள் தெருத் தெருவாகத் தகர்த்த நகரம் அது.

நம் மைசூரும் அப்படி எழுந்ததுதான். ஆங்கிலேயருடன் யுத்தங்கள் நடந்த காலத்தில் திப்பு சுல்தான் பழைய மைசூர்க் கோட்டையை இடிக்கச் செய்து, அந்தக் கற்களால் பக்கத்திலேயே நஜர்பாத் கோட்டையைக் கட்ட முற்பட்டார். 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. ஜூன் 30-ல், ஐந்து வயது நிரம்பாத மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு மைசூரில் பட்டாபிஷேகம். அரண்மனை இல்லாததால் பந்தலில் நடந்தது. பிறகு நஜர்பாத் கற்களையே திரும்பக் கொண்டுவந்து கோட்டையைக் கட்டினார்கள். உள்ளே எழுந்த மர அரண்மனை 1897-ல் தீக்கிரையாயிற்று. இன்று தசராவில் நாம் பார்ப்பது, ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912-ல் முடிந்த அரண்மனை. அதைப் புதுசு என்று யாரும் ஒதுக்குவதில்லை. ஜீர்ணோத்தாரணம் செய்த கோயிலுக்கு சாந்நித்தியம் குறைந்துவிட்டதாகவும் நாம் நினைப்பதில்லை.

வார்ஸாவை எப்படிக் கட்டினார்கள்? கட்டடக் கலை ஆசிரியர்களும் மாணவர்களும் பழைய வீடுகளை முன்பே அளந்து படம் வரைந்திருந்தார்கள். ஆக்கிரமிப்பின்போது அந்தப் படங்களை ஒரு மடாலயத்தில் ஒளித்துக் காப்பாற்றினார்கள். 18-ஆம் நூற்றாண்டில் பெல்லோட்டோ தீட்டிய ஓவியங்களும் கைகொடுத்தன. 1980-ல் யுனெஸ்கோ அந்தப் பழைய நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

நம் அக்ரஹாரங்களுக்கு எந்தச் சேனையும் வரவில்லை. நாமே விற்றோம்; வாங்கியவர் இடித்தார். அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாம். ஆனால் திண்ணை எத்தனை அடி, ரேழியிலிருந்து கூடத்துக்கு எத்தனை படி, முற்றத்துத் தூண் எந்த மரம் என்று யாராவது எழுதி வைத்திருக்கிறோமா?

அடுத்த முறை குலதெய்வத்துக்குச் செய்ய ஊருக்குப் போகும்போது ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துப் போங்கள். வீடு இப்போது யாருடையதாக இருந்தாலும் கேட்டுக்கொண்டு அளந்து வாருங்கள். அங்கே வளர்ந்த அத்தை, பாட்டி யாராவது இருந்தால் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய காரியம் இது.