விஞ்ஞானிக்கு டீச்சர் சொல்லவேண்டியவை

தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925இல் உருவான நிறுவனம். மண், பூஞ்சை, பூச்சி என்று வருடக்கணக்காக ஆராயும் விஞ்ஞானிகள் அங்கே உண்டு. சுற்றிலும் தோட்டப் பாடசாலைகள். அங்கே தரம் ஒன்று முதல் ஐந்து வரை ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ பாடம் நடக்கிறது. அதிலும் மண், மழை, செடி, பூச்சிதான். இந்த இரு தரப்பையும் நிரந்தரமாகச் சேர்த்துவைக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் கோரிக்கை.

இப்படி ஒரு முயற்சி இந்தியாவில் முப்பது வருடம் நடந்தது. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், கிஷோர் பாரதி உள்ளிட்ட இரு அமைப்புகள் 16 நடுநிலைப் பாடசாலைகளில் வேலையைத் தொடங்கின. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகளும் டில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் பிள்ளைகளுக்கு விரிவுரை நடத்திவிட்டுத் திரும்பவில்லை. கிராமத்து ஆசிரியர்களோடு பயிற்சி முகாமில் உட்கார்ந்து, பிள்ளைகள் செய்யப்போகும் பரிசோதனைகளையே செய்து பார்த்தார்கள். பிறகு மாதாந்தக் கூட்டங்கள். எது வகுப்பில் சரிவந்தது, எது வரவில்லை என்று ஆசிரியர் சொல்வார். பாடநூல் அதற்கேற்பத் திருந்தும். பரீட்சைக்குப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோகலாம், செய்முறைப் பரீட்சையும் உண்டு. 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

பிரான்சில் தொடக்கப் பாடசாலைகளுக்கென்றே இதுபோன்ற இயக்கத்தை 1996இல் ஆரம்பித்தவர், இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற ஜோர்ஜ் ஷார்பாக்.

மலையகத்துக்கு ஏற்ற பாடம் தேயிலையின் கொப்புள நோய். 1946இல் இலங்கைக்கு வந்த பூஞ்சை நோய் இது. பனியும் ஈரமும் நீடித்தால் இளங்கொழுந்தைப் பிடிக்கும். வெயில் அதற்கு ஆகாது. கொழுந்து பறிக்கும் அம்மாமார் கண்டு பழகியது. நிழல்மரத்தடியில் அதிகமா, வெளியான இடத்தில் அதிகமா? நூறு இலை எண்ணிப் பார்க்கலாம். இலைகளைப் பக்கச்சார்பின்றி எப்படித் தெரிவுசெய்வது, எந்த நம்பர் மலைக்கு மருந்து அடித்திருக்கிறார்கள் என்பதால் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகக் கூடாது என்பதெல்லாம் விஞ்ஞானி சொல்லவேண்டியவை. எட்டு வயதுப் பிள்ளைக்குச் சதவீதம் விளங்காது, நூறு கட்டம் போட்டு நிறம் தீட்டினால் விளங்கும் என்பது டீச்சர் சொல்லவேண்டியது. இரண்டாவது அறிவு முதலாவதைவிடக் குறைந்ததல்ல. அதை ஏற்காத விஞ்ஞானி வகுப்பறைப் பக்கம் வராமலிருப்பது நல்லது.

மழையும் அப்படியே. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண்சரிவு மூடியதை மலையகம் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில், 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றர் தாண்டினால் மண்சரிவு அவதானம். 100 என்றால் எச்சரிக்கை. 150 என்றால் வெளியேற வேண்டும். அந்த எண்களின் பொருளைத் தரம் நான்கிலேயே கைப்பட உணரலாம். நேர்ச்சுவருள்ள இரண்டு போத்தல்களை, ஒன்று ஒடுங்கியது, ஒன்று அகன்றது, கூரையில்லாத வெளியில் வைத்தால் மழை இரண்டிலும் ஒரே உயரத்துக்கு நிற்கும். ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு டீச்சர் நிறுவனத்து அதிகாரியிடம் போகவேண்டும்.

போக நேரம் வேண்டுமே! எல்லாப் பாடங்களையும் எடுத்து, புலமைப்பரிசில் பரீட்சைக்கும் பிள்ளைகளைத் தயார்படுத்துகிறவர் அவர். ஆகவே மாதம் ஒரு நாள் கடமை விடுப்பை வலயக் கல்வி அலுவலகம் எழுத்தில் தரவேண்டும். விஞ்ஞானி அன்று செய்ததை அவருடைய நிறுவனம் பதவியுயர்வுக்கான வேலையாகவே கணக்கில் எடுக்கவேண்டும். முதல் வருடம் தலவாக்கலை, ஹட்டன் பக்கம் பத்துப் பாடசாலைகள் போதும்.