பழைய டிராக்டரின் மின்னேற்றத்தைச் சீர்செய்தல்

1972-இல் தஞ்சோங் பகார் துறைக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்த நாளிலும், ரப்பரின் பயணம் தோட்டத்து டிராக்டரிலேயே தொடங்கிற்று. பாலேற்றும் வேளையில் அது கிளம்பாவிடில், ஆலை சேருமுன் பால் உறைந்து, நம் உழைப்பின் மதிப்புக் குறைகிறது.

டைனமோ பூட்டிய பழைய வண்டியில் முதலில் பெல்ட்டின் இறுக்கத்தையும் பேட்டரி முனைகளின் தூய்மையையும் கவனிப்போம். பேட்டரி முழு மின்னேற்றம் பெற்றபின், இயந்திரத்தை மிதவேகத்தில் ஓட்டி வோல்ட்மீட்டரால் அளப்போம். 12 வோல்ட் பேட்டரிக்கு 14 முதல் 14.5 வோல்ட் போதுமானது. மாறுபட்டால், ரெகுலேட்டர் திருகைச் சிறிதே திருப்பி, மீண்டும் அளப்போம். அளவு மிகுந்தால் நீர் வற்றும். வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றி வெடிக்கும். ஆகவே, அருகில் சுருட்டும் தீக்குச்சியும் வேண்டா.

வண்டியைக் காப்போம், நம் உயிரையும் காப்போம்.