குனிந்து பார்க்க வேண்டிய கோயில்



தஞ்சைப் பெரிய கோயில் வாசலில் நுழைந்தவுடன் யாராக இருந்தாலும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். 200 அடியைத் தாண்டி நிற்கும் விமானம் வேறு எதையும் பார்க்க விடாது. கும்பகோணத்துக்கு மேற்கே சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் தாராசுரத்தில் அந்தக் கதை நடக்காது. அங்கே ஐராவதேசுவரர் கோயில் விமானம் ஐந்து நிலைதான், உயரம் சுமார் 80 அடி. அந்தக் கோயிலை நன்றாகப் பார்க்க வேண்டும் என்றால் குனிய வேண்டும். சில இடங்களில் தரையில் குந்தி உட்காரவே வேண்டும்.

கட்டியவன் இரண்டாம் இராஜராஜ சோழன். 1146-இல் பட்டத்துக்கு வந்தவன். தஞ்சைக் கோயில் 1010-இல் முடிந்தது, கங்கைகொண்ட சோழபுரம் அதற்கு அடுத்த தலைமுறை. ஆக, நூறு ஆண்டுக்கு மேல் கழித்து அதே குலத்தில் வந்தவன் கட்டிய கோயில் இது. அப்போது சோழர்கள் பக்கத்திலிருந்த பழையாறையில் அரண்மனை வைத்திருந்தார்கள். ஊருக்கு இராஜராஜபுரம் என்று பெயர். அதுதான் தேய்ந்து தாராசுரம் ஆனது. இந்திரனின் வெள்ளை யானை ஐராவதம் ஒரு சாபத்தால் நிறம் மங்கி, இங்கே வந்து வழிபட்டு மீண்டும் வெளுத்தது என்பது தலபுராணம்.

பெரிய கோயிலில் பாதி உயரம்கூட இல்லையே, சோழர்களுக்குக் கை சுருங்கிவிட்டது போலிருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. முதலாம் இராஜராஜன், இராஜேந்திரன் காலத்துச் செல்வாக்கு அப்போது இல்லை என்பது உண்மைதான். ஆனால் இந்தக் கோயிலின் ஒரே ஒரு தூணைச் சுற்றி வந்து பாருங்கள். தூணின் சதுரப் பட்டைகளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டம். அதற்குள் ஒருத்தி ஆடுகிறாள், ஒருவன் மத்தளம் கொட்டுகிறான். அடுத்த கட்டத்தில் வேறு கதை. பொற்கொல்லர் வேலையைக் கல்லில் செய்திருக்கிறார்கள். சிக்கனம் பார்ப்பவன் இப்படிச் செலவு செய்வானா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கருவறையின் வெளிச்சுவரில், அடித்தளத்தை ஒட்டி, வரிசையாகச் சிறு சிறு சிற்பங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம்கூட இராது. நாயன்மார்களின் வரலாறுகள் அவை. பல காட்சிகளின் மேலே அது யாருடைய கதை என்று தமிழில் பெயரும் வெட்டியிருக்கிறது. அதாவது, பெரிய புராணம்.

காலத்தைக் கொஞ்சம் கணக்குப் பார்த்தால் இதன் அருமை புரியும். சேக்கிழார் பெரிய புராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் என்பது மரபு. அந்தக் குலோத்துங்கனின் மகன்தான் தாராசுரத்தைக் கட்டிய இரண்டாம் இராஜராஜன். அப்பா காலத்தில் அரங்கேறிய நூல் மகன் காலத்தில் கல்லில் ஏறிவிட்டது. இன்றைக்கு நாம் பழைய இலக்கியம் என்று பயபக்தியோடு தொடும் புத்தகம் அந்தச் சிற்பிகளுக்குப் புத்தம் புதிய சரக்கு! ஏடு படிக்கத் தெரிந்தவர் சிலர். கோயிலைச் சுற்றி வருபவர் ஊரே. வலம் வருகிறவர் நடந்துகொண்டே பார்க்கிற மாதிரி அதை வரிசையாகப் பரப்பி வைத்திருக்கிறார்கள்.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். சுந்தரர் அவிநாசிக்கு வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம், மங்கல ஓசை. எதிர் வீட்டில் அழுகை. என்ன என்று கேட்கிறார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகக் குளிக்கப் போனார்கள், எங்கள் பிள்ளையை மட்டும் முதலை விழுங்கிவிட்டது, இருந்திருந்தால் அவனுக்கும் இப்போது பூணூல் போட்டிருப்போம் என்கிறார்கள். சுந்தரர் குளக்கரைக்குப் போய்ப் பதிகம் பாடுகிறார். முதலை பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறது, இடையில் போன ஆண்டுகளின் வளர்ச்சியோடு! இத்தனையையும் அந்தச் சின்னக் கல்லில் சிற்பி எப்படிக் காட்டுவது? ஒரே ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டான். முதலை வாயைப் பிளந்திருக்கிறது, பிள்ளை வெளியே வருகிறான். கதை தெரிந்தவருக்கு அது போதும். கதை தெரியாதவர் பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்பார். கோயிலில் அப்படித்தானே கதை பரவியது.

கூட்டம் நிற்பது இங்கே அல்ல, முன்மண்டபத்தில். அதைத் தேர் வடிவத்தில் அமைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் கல் சக்கரம், இழுத்துக்கொண்டு பாயும் குதிரைகள். இராஜகம்பீரன் திருமண்டபம் என்று அரசனின் பட்டப்பெயராலேயே அதற்குப் பெயர். அழகுதான், படம் எடுக்க வேண்டியதுதான். ஆனால் எடுத்த கையோடு வெளியே கிளம்பிவிடுகிறார்களே, அதுதான் எனக்கு ஆற்றாமை. யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் ரிஷபகுஞ்சரச் சிற்பம் அங்கேயேதான் இருக்கிறது. இடப்பக்கத்து உடலை மறைத்தால் ஒன்று, வலப்பக்கத்தை மறைத்தால் மற்றொன்று. குழந்தைகளைக் கூட்டிப்போனால் முதலில் அதைக் காட்டுங்கள். மூன்று முகமும் எட்டுக் கையும் உள்ள அர்த்தநாரி வடிவம் வேறு எங்கும் எளிதில் காணக் கிடைக்காதது. பலிபீடத்தருகே உள்ள படிகளைத் தட்டினால் வெவ்வேறு ஒலி வரும் என்பதால் எல்லோரும் தட்டித் தட்டி, இப்போது கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள்.

வெளிக் கோபுரத்தின் கதை வேறு. மேல்தளங்கள் போய் அடிப்பகுதி மட்டும் மொட்டையாக நிற்கிறது. அதன் மாடங்களில் எந்தத் தெய்வம் எங்கே என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். பல மாடங்களில் பெயர் இருக்கிறது, தெய்வம் இல்லை. சிற்பக்கலையை ஆராய்பவர்களுக்கு இது பெரிய கொடை. எந்தக் கோபுரத்தில் எந்த உருவம் எந்த வரிசையில் வரும் என்று கட்டியவர்களே எழுதிக் கொடுத்த பட்டியல் அல்லவா!

இந்தக் கோயிலில் கிடைத்த ஒரு துவாரபாலகர் சோழநாட்டவரே அல்ல. முதலாம் இராஜாதிராஜன் மேலைச் சாளுக்கியரின் தலைநகரான கல்யாணியை வென்று, அங்கிருந்து வெற்றிச் சின்னமாகத் தூக்கி வந்தது. அந்தச் செய்தியைச் சிலையிலேயே வெட்டியும் வைத்தார்கள். முகமும் நகையும் தனிப் பாணி, பார்த்தவுடன் வெளியூர் ஆள் என்று தெரிந்துவிடும். இராஜாதிராஜன் காலத்துக்கும் இந்தக் கோயிலுக்கும் இடையே நூறு ஆண்டு இருக்கிறது. முன்னோர் கொண்டுவந்த பொருளைப் பின்வந்தவர்கள் பத்திரமாக வைத்திருந்து இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள்.

2004-இல் யுனெஸ்கோ இந்தக் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. தஞ்சைக் கோயிலுக்கு அந்தப் பெருமை 1987-லேயே வந்துவிட்டது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் போகாதீர்கள், கோயில் தெருமட்டத்துக்குக் கீழே இருப்பதால் முற்றத்தில் தண்ணீர் நின்றுவிடும். சாய்ந்த வெயிலில் போனால் சின்னச் சிற்பங்களின் குழிவும் மேடும் துலங்கும். அத்தோடு, தாராசுரத்தை மட்டும் பார்த்தால் பாதிக் கோயிலைத்தான் பார்த்தவராவீர்கள். மாடங்களில் இருந்த மெருகேறிய கருங்கல் சிற்பங்களில் முக்கியமான சில, அந்தக் கல்யாணித் துவாரபாலகர் உள்பட, இப்போது தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. யானையை உரித்துப் போர்த்தி உடலை முறுக்கி நிற்கும் கஜசம்ஹார மூர்த்தியும், அவரைக் கண்டு மிரண்டு ஒதுங்கும் உமையும் அங்கேதான். கங்காளமூர்த்தியும் அவரைக் கண்டு மயங்கும் முனிவர் மனைவியரும் அங்கேதான். காலையில் கலைக்கூடம், மாலையில் தாராசுரம் என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.